மூன்று நொடி மஞ்சளும் ஒரு சைக்கிளும்: சிக்னல் சந்திப்பைப் பத்திரமாகக் கடக்க

மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார் 3 நொடியில் 33 மீட்டர் ஓடிவிடும். 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் அதே 3 நொடியில் பன்னிரண்டரை மீட்டர்தான் நகரும். நம் ஊர் சிக்னல்களில் மஞ்சள் பெரும்பாலும் 3 நொடிதான் எரிகிறது. நூறடிச் சாலை ஒன்றைக் குறுக்கே கடப்பதென்றால் ஸ்டாப் லைனிலிருந்து எதிர்க்கரை வரை 28, 30 மீட்டர் ஆகிவிடும். பச்சையின் கடைசி நொடியில் நுழைந்த கார், மஞ்சள் அணையும்போது அக்கரையில் இருக்கும். அதே நொடியில் நுழைந்த சைக்கிள் சாலைக்கு நட்டநடுவில் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்.

சைக்கிள்காரர் இதில் எந்த விதியையும் மீறவில்லை. பச்சையில்தான் நுழைந்தார். சிக்னலுக்கு நேரம் வைத்தவர் காரை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதனால் 'பச்சை எரிகிறது, போகலாம்' என்ற ஒன்றை மட்டும் நம்பி சைக்கிளில் பெரிய சந்திப்பைக் கடக்கக் கூடாது. தினமும் போகிற சந்திப்புக்கு உங்களுக்கென்று ஒரு கணக்கு வேண்டும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து, மறுநாள் பரபரப்பான நேரத்தில் முடித்துவிடலாம்.

சந்திப்பை அளப்பது

முதலில் தூரம். டேப் வேண்டாம், சைக்கிளே போதும். பழைய கம்பி பிரேக் சைக்கிளின் 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். 26 இஞ்ச் சக்கரம் சுமார் 2.1 மீட்டர். முன்சக்கரத்தின் வால்வு கீழே, தரைக்கு நேராக வரும்படி ஸ்டாப் லைனில் நிறுத்துங்கள். பிறகு ஜீப்ரா வழியாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், வால்வு எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணுங்கள். எதிர்க்கரையில் கடைசி வாகனத் தடம் முடியும் இடம் வரை எண்ண வேண்டும், மீடியனோடு நிறுத்திவிடாதீர்கள். 13 சுற்று வந்தால் 28.6 மீட்டர். இதோடு சைக்கிளின் நீளம் 1.8 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்சக்கரமும் வெளியே வந்தாக வேண்டுமே. ஆக 30.4 மீட்டர்.

அடுத்தது நேரம். போன் ஸ்டாப்வாட்சோடு ஓரமாக நின்று நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பக்கத்துப் பச்சை எத்தனை நொடி, மஞ்சள் எத்தனை நொடி, எல்லாப் பக்கமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும் நேரம் உண்டா, குறுக்குச் சாலை வண்டிகள் உண்மையில் எப்போது கிளம்புகின்றன. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிவப்புக்கும் டைமர் ஓடுகிற சந்திப்பில் டூவீலர்கள் 3, 2 என்று எண் இறங்கும்போதே ஸ்டாப் லைனைத் தாண்டிவிடும். உங்களுக்கு இன்னும் மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும். அவர்கள் அதற்குள் நகர்ந்திருப்பார்கள்.

ஒரு முறை பார்த்தால் போதாது, ஐந்து முறையாவது பாருங்கள். தூரத்தை ஞாயிற்றுக்கிழமை அளந்தாலும், நேரத்தை நீங்கள் வழக்கமாகக் கடக்கும் பொழுதில்தான் அளக்க வேண்டும். காலை எட்டரைக்கு ஒரு நேர அளவும் மதியம் இரண்டுக்கு வேறு அளவும் ஓடும் சிக்னல்கள் நிறைய. கூட்ட நேரத்தில் போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து கையாலேயே மாற்றுவார். அப்போது டைமர் அணைந்திருக்கும், அல்லது அதில் ஓடும் எண்ணுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இருக்காது. அப்படி ஒரு நாளில் எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடக்கும்போதும் அதே நிலை என்றால் எண்ணை மறந்துவிட்டு, போலீஸ்காரரின் கையைப் பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் வேகம். நீங்கள் நினைப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும். நேரான தெருவில் 100 மீட்டரை வழக்கம்போல மிதித்துக் கடந்து நேரம் பாருங்கள். 24 நொடி ஆனால் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 4.2 மீட்டர். 36 நொடி ஆனால் 10 கிலோமீட்டர், நொடிக்கு 2.8 மீட்டர். தண்ணீர் கேனோ டீ டிரம்மோ கட்டியிருக்கிறவர்கள், கேரியரில் ஆளை வைத்து மிதிக்கிறவர்கள், வயதானவர்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் வருவார்கள்.

உங்கள் எண்

இப்போது கணக்கு. கடக்க வேண்டிய தூரத்தை வேகத்தால் வகுங்கள். அதிலிருந்து மஞ்சள் நொடிகளையும் எல்லாப் பக்கச் சிவப்பு நொடிகளையும் கழியுங்கள். முன்கூட்டியே கிளம்பும் டூவீலர்களுக்காக 2 நொடி கூட்டுங்கள். மிச்சம் பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கிடைப்பதுதான் அந்தச் சந்திப்புக்கு உங்கள் எண். ஸ்டாப் லைனைத் தாண்டும்போது பச்சை டைமரில் அந்த எண்ணோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பச்சையாக இருந்தாலும் அது உங்களுக்குச் சிவப்பு.

மேலே சொன்ன 30.4 மீட்டருக்கே பார்ப்போம். மஞ்சள் 3 நொடி, எல்லாப் பக்கச் சிவப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீட்டரில் போகிறவருக்குக் கடக்க 7.2 நொடி ஆகும். 3 கழித்து 2 கூட்டினால் 6.2. அவர் எண் 7. பத்து கிலோமீட்டரில் போகிறவரின் எண் 10. கியர் சைக்கிளில் 20 கிலோமீட்டரில் வருகிறவருக்கு 5 போதும். ஒரே சந்திப்பு, ஒரே பச்சைதான். ஆனால் மூன்று பேருக்கும் அது மூன்று வேறு நேரத்தில் முடிகிறது. முன்னால் போகிற சைக்கிள்காரரைப் பார்த்து அவர் பின்னாலேயே நுழைவது ஆபத்தாவது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டாப் லைனுக்கு வந்த பிறகு எண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் நிற்க முடியாது. உலர்ந்த சாலையில் 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிள், கை பிரேக்குக்குப் போகும் நேரத்தையும் சேர்த்து, நிதானமாக நிற்க சுமார் 8 மீட்டர் வேண்டும். 20 கிலோமீட்டரில் 12 மீட்டர். ஆகவே 15 கிலோமீட்டரில் போகிறவர் என்றால் ஸ்டாப் லைனுக்கு 8 மீட்டர் முன்னால், அதாவது சக்கரத்தின் நாலு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில், ஒரு மின்கம்பத்தையோ கடை வாசலையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்டாப் லைனுக்கு வர 2 நொடி ஆகும். எனவே அந்த அடையாளத்தைத் தாண்டும்போது டைமரில் உங்கள் எண்ணோடு 2 கூட்டியது இருக்க வேண்டும். 7 என்றால் 9. இல்லையென்றால் அங்கேயே பிரேக்கைப் பிடியுங்கள்.

டைமர் இல்லாத சிக்னலில் ஒரே வழி, பச்சை விழுந்ததை நீங்களே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் வரும்போதே எரிந்துகொண்டிருக்கும் பச்சை பழைய பச்சை. அது எந்த நொடியும் மாறலாம் என்று வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, விரல்களை பிரேக் மேல் வைத்தபடி வாருங்கள். அகலமான சந்திப்பு என்றால் பழைய பச்சையில் நுழையாமல் நின்றுவிடுவதே மேல்.

நிற்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. மஞ்சளைப் பார்த்ததும் பின்னால் வரும் பைக் வேகம் கூட்டும். அவர் நீங்கள் போய்விடுவீர்கள் என்று நினைத்திருப்பார். ஆகவே சட்டென்று நிற்காதீர்கள். அடையாளத்துக்கு முன்பே வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை அசைத்துவிட்டுக் கையை ஹாண்டில்பாருக்குக் கொண்டுவந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். கையை வெளியே நீட்டியபடியே பிரேக் பிடிக்கக் கூடாது. நம் ஊர் சைக்கிள்களில் வலது பிடிதான் பொதுவாக முன் பிரேக். இடது கையால் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

நின்று கிளம்பும்போது

ஓடிவருகிற சைக்கிளின் கணக்கு வேறு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் சைக்கிளின் கணக்கு வேறு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சைக்கிளுக்கென்றே சிக்னல் நேரக் கணக்கு இருக்கிறது. குறைந்தபட்சப் பச்சை, மஞ்சள், எல்லாப் பக்கச் சிவப்பு மூன்றும் சேர்ந்து, 6 நொடியோடு கடக்கும் தூரத்தை 4.5ஆல் வகுத்து வருவதைக் கூட்டிய நேரத்துக்குக் குறையக் கூடாது. சுதாரித்துக் கிளம்பி வேகம் எடுக்கத்தான் அந்த 6 நொடி. நம் 30.4 மீட்டருக்கு இது 13 நொடி. கனமான ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு 4.5க்குப் பதில் 3.5 வைத்துக்கொள்ளுங்கள், 15 நொடி வரும்.

கிளைச் சாலையிலிருந்து மெயின் ரோட்டைக் கடக்கும் பச்சை 12 நொடி, மஞ்சள் 3 நொடி என்று வையுங்கள். மொத்தம் 15. முதல் வரிசையில் நின்றால் ஒருவழியாகப் போய்விடலாம். வரிசையில் 15 மீட்டர் பின்னால் நின்றால்? முன்னால் இருப்பவர்கள் நகரவே 3 நொடி. நீங்கள் ஸ்டாப் லைனுக்கு வந்துசேர மேலும் 7, 8 நொடி. பச்சை முடிய ஒன்றிரண்டு நொடியே இருக்கும்போது உள்ளே நுழைந்து, இன்னும் 7 நொடி நடுச்சாலையில் இருப்பீர்கள். அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்தான். இடது ஓரம் ஒதுங்கி அவர்களை விட்டுவிட்டு, அடுத்த பச்சைக்கு முதல் ஆளாக நில்லுங்கள்.

முன்னால் போய் நிற்பது நல்லது என்பதால் எப்போதும் ஊடே புகுந்து போகலாம் என்று அர்த்தமில்லை. சிவப்பு டைமரில் 15 நொடிக்கு மேல் இருந்தால் மட்டும் போங்கள். வரிசை நகரத் தொடங்கும்போது இடுக்கில் மாட்டிக்கொள்வதுதான் மிக மோசம். பஸ், தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை லாரி இவற்றின் இடது பக்கம் போகவே போகாதீர்கள். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது முன்மூலைக்குக் கீழே நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. அவர் இடது பக்கம் திரும்பினால் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி உங்களைத் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக நிற்பவர் பின்சக்கரத்துக்கு அடியில் போவது இப்படித்தான். பெரிய வண்டி முன்னால் நின்றால் அதன் பின்னாலேயே, அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

நேராகப் போகிறவர் ஃப்ரீ லெஃப்ட் தடத்தில் நிற்கக் கூடாது. சைக்கிள் என்றால் ஓரம் என்ற பழக்கத்தில் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். இடது திரும்பும் வண்டிகள் பின்னால் இடிக்கும், அல்லது கிளம்பும்போது முன்னால் வெட்டும். ஃப்ரீ லெஃப்டுக்கு அடுத்த தடத்தில், அதன் இடது விளிம்பில் ஒட்டிக்கொள்ளாமல் நடுப்பகுதியில் நில்லுங்கள். ஜீப்ராவை மறைத்து நிற்காதீர்கள். நடந்து போகிறவர்களுக்கு நம்மைவிடவும் குறைவான நேரம்தான் கிடைக்கிறது.

நிற்கும்போது இடது கால் தரையில், வலது பெடல் மேலே. கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் அது இருந்தால் முதல் மிதியிலேயே சைக்கிள் நேராகக் கிளம்பும். கியர் சைக்கிள் என்றால் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். கனமான கியரில் முதல் மிதியில் தள்ளாடுவதில்தான் பல பேர் பக்கத்துப் பைக்கில் உரசுகிறார்கள்.

பச்சை விழுந்ததும் முதலில் வலது பக்கம் பாருங்கள். இடது பக்கமாக ஓட்டும் நாட்டில் சந்திப்புக்குள் முதல் ஆபத்து வலது பக்கத்திலிருந்துதான் வரும்: தன் மஞ்சளைத் துரத்திக்கொண்டு வருகிறவர். பச்சைக்குக் காத்திருக்கும் கடைசி நொடிகளிலேயே குறுக்குச் சாலையில் யாராவது வேகம் கூட்டி வருகிறாரா என்று பார்த்து வைத்துவிட்டால், கிளம்பும்போது தயங்க வேண்டியிருக்காது. நேராகப் போகிற ஒரு ஆட்டோ உங்கள் வலது பக்கத்தில் இருந்தால் அதோடு சேர்ந்து நகருங்கள், அது பாதி தூரம்வரை மறைப்பாக இருக்கும். அது இடது பக்கம் திரும்பாது என்று இண்டிகேட்டரையும் முன்சக்கரத்தையும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

வலது பக்கம் திரும்ப

வலது திரும்பும் அம்புக்குறிப் பச்சை பல இடங்களில் மிகக் குறுகியது. அதற்காக மூன்று தடம் குறுக்கே வெட்டி வலது ஓரத்துக்குப் போய், வேகமெடுக்கும் பைக்குகளுக்கு நடுவில் வளைய வேண்டும். சைக்கிளுக்கு இது வேண்டவே வேண்டாம். டென்மார்க்கிலும் ஜப்பானிலும் சிக்னல் சந்திப்பில் சைக்கிள் இப்படித் திரும்ப அனுமதியே இல்லை. எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடும் திருப்பத்தை இரண்டு கட்டமாகத்தான் எடுக்க வேண்டும். நமக்கும் அதுவே சரி.

முதல் கட்டம், இடது பக்கத் தடத்திலேயே நேராகப் போகிற பச்சையில் சந்திப்பைக் கடப்பது. இதற்கு உங்கள் எண் பொருந்தும். எதிர்க்கரையை அடைந்ததும் இடது மூலையில், குறுக்குச் சாலையின் ஸ்டாப் லைனுக்கு முன்னால் ஒதுங்கி நின்று, சைக்கிளை வலது பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள். அந்தச் சாலையின் ஃப்ரீ லெஃப்ட் வண்டிகள் வரும் பாதையிலிருந்து விலகி நிற்க வேண்டும். இடம் இல்லையென்றால் பிளாட்பாரத்தில் ஏற்றிவிடுங்கள். இரண்டாம் கட்டம், அந்தக் குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும்போது அவர்களோடு நேராகப் போவது. நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பச்சை வரும் சிக்னலில் உங்கள் முறை வர இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். அந்த நேரத்தைப் பயணக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினால் பதற்றம் இருக்காது.

கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். கார்களுக்குக் காத்திருப்பு குறைகிறது. சைக்கிளுக்கோ வேகத் தடத்தில் ஏறி வளைய வேண்டிய நிலை. அப்படிப்பட்ட இடத்தில் யூ-டர்ன் எடுக்காமல் இறங்கி ஜீப்ராவில் தள்ளிக்கொண்டு கடப்பதே வழி.

தள்ளிக்கொண்டு கடப்பது

கணக்கு ஒத்துவராத சந்திப்பில் இறங்கிவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் ஜீப்ராவில் மிதித்துக்கொண்டு போகாதீர்கள். டிரைவர் ஜீப்ராவின் ஓரத்தில் மூன்று நான்கு மீட்டர் வரைதான் பார்க்கிறார், ஏனென்றால் நடக்கிற ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் அளவில்தான் வருவார். நீங்கள் 4 மீட்டர் வேகத்தில் வந்தால், அவர் பார்த்தபோது எங்கோ இருந்த ஆள் மூன்றாவது நொடியில் பம்பருக்கு முன்னால் இருப்பீர்கள்.

நடக்கும்போது சைக்கிளின் இடது பக்கம் நில்லுங்கள். சாலையின் முதல் பாதியில் வண்டிகள் வலது பக்கத்திலிருந்து வருவதால் உங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும். மீடியனைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ்: வண்டிகள் இடது பக்கத்திலிருந்து வரும், உங்களுக்கு மறைப்பு கிடையாது. நடுச்சாலையில் பக்கம் மாறிக்கொண்டிருக்க வேண்டாம். மீடியனில் நின்று, இடது பக்கம் பார்த்து, வண்டிகள் உண்மையாகவே நின்றுவிட்டன என்று தெரிந்த பிறகு இறங்குங்கள். மீடியன் இடைவெளியின் ஆழத்தையும் பாருங்கள். 1.8 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சைக்கிளின் முன்சக்கரமோ கேரியரோ சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். சாய்வாகத் திருப்பி, மீடியனோடு ஒட்டி நிறுத்த வேண்டும்.

நேரக் கணக்கு இதற்கும் உண்டு. சைக்கிளைத் தள்ளுகிறவர் நொடிக்கு 1 மீட்டர் போவார், கிளம்ப 3 நொடி ஆகும். 24 மீட்டர் சாலைக்கு 27 நொடி. நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் 15 நொடிதான் எரிகிறான் என்றால் ஒரே மூச்சில் கடக்க நினைக்காதீர்கள். பாதியைக் கடந்து மீடியனில் நின்று, அடுத்த சுற்றில் மீதி. பச்சை மனிதன் எரியும்போதும் ஃப்ரீ லெஃப்ட் வண்டிகளுக்குத் தடை இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடக்கும் வழியில் அந்தத் தடம் குறுக்கிட்டால் அதைச் சிக்னல் இல்லாத தனிச் சாலையாக நினைத்துக் கடக்க வேண்டும்.

மழையும் இரவும்

மழையில் இரும்பு ரிம் சைக்கிளின் பிரேக் கட்டை முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரைத் துடைக்கத்தான் உதவும். எனவே 8 மீட்டர் அடையாளத்தை 16 மீட்டராக்கி, அதற்கும் முன்பிருந்தே பிரேக்கை லேசாக உரசவிட்டுக்கொண்டு வாருங்கள். டைமரில் பார்க்க வேண்டிய எண்ணோடும் இன்னும் 2 கூட்டுங்கள். ஜீப்ராவின் வெள்ளைப் பட்டையும் சாக்கடை மூடியும் நனைந்தால் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ வேண்டாம்.

டைனமோ விளக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரம் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஆபத்து அதிகமான சிக்னலில், நின்றுகொண்டிருக்கும்போதும் கிளம்பும் முதல் சில நொடிகளிலும், நீங்கள் இருட்டில் இருக்கிறீர்கள். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் கேரியருக்குக் கீழே மாட்டிவிடுங்கள். இரவு நேரத்தில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் அங்கே யாருக்கும் முறை இல்லை; நின்று பார்த்துத்தான் போக வேண்டும்.

வெளிநாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எவ்வளவு நேரம் நின்றாலும் பச்சை வராத சிக்னலில், தாருக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருக்கலாம். சாலையில் அறுத்து மூடிய கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி நில்லுங்கள். அலுமினிய ரிம்மாக இருந்தாலும் அது உணரும். காந்தம் ஒட்டுவதால் பயனில்லை.

பிள்ளைகளுக்கு

அரசுப் பள்ளியில் பிளஸ் 1 சேர்ந்ததும் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. பல பிள்ளைகள் பெரிய சந்திப்பைத் தனியாகக் கடக்கத் தொடங்குவது அந்த வருடம்தான். சாவியோடு சேர்த்து இந்தக் கணக்கையும் கற்றுக்கொடுங்கள். பெற்றோர் ஒருவர் கூடப் போய்ச் சக்கரச் சுற்றை எண்ணி, எண்ணைக் கண்டுபிடித்து, அடையாளக் கம்பத்தைக் காட்டிவிட்டால் போதும். கேரியரில் தோழி உட்கார்ந்தால் எண் மாறும் என்பதையும் சொல்லுங்கள். கூட்டமாகப் போகும்போது முதல் சைக்கிளின் எண்ணை வைத்துக் கடைசி சைக்கிள் நுழையக் கூடாது. எல்லாரும் சேர்ந்து போக முடியாதென்றால் எல்லாரும் நிற்க வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க வராது. அவர்களுக்கு எண் எல்லாம் வேண்டாம், தள்ளிக்கொண்டு நடப்பது மட்டும்தான்.

சிக்னலையே மாற்றச் சொல்ல

இதுவரை சொன்னதெல்லாம் தப்பான நேரத்தோடு வாழ்வதற்கு. அந்த நேரத்தைத் திருத்தவும் முடியும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டிய மாதிரி கேட்டால். சென்னையில் சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல் துறையின் பொறுப்பு. ஜீப்ரா, ஸ்டாப் லைன், மீடியன் போன்றவை சாலை யாருடையதோ அவர்களுடையது: மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். இரண்டு மனுவாகப் போடுங்கள். மாநகராட்சிக்கு 1913, அரசுத் துறைகளுக்கு 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'சிக்னல் சரியில்லை' என்ற மனு எங்கும் போகாது. அளந்த எண்களை எழுதுங்கள். மாதிரிக்கு:

"இன்ன சந்திப்பில், இன்ன சாலையிலிருந்து நேராகக் கடக்கும் தூரம் 28.6 மீட்டர். காலை 8.15 முதல் 9.00 வரை ஐந்து சுற்றுகள் அளந்ததில் பச்சை 12 நொடி, மஞ்சள் 3 நொடி, எல்லாப் பக்கச் சிவப்பு இல்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள், அதன் நீளம் 1.8 மீட்டரையும் சேர்த்து, முழுதாகக் கடக்க 7 நொடிக்கு மேல் ஆகிறது. இவ்வழியே பள்ளி மாணவர்கள் சைக்கிளில் செல்கின்றனர். இந்தத் திசைக்கு மட்டும் மஞ்சளுக்குப் பின் 2 முதல் 3 நொடி எல்லாப் பக்கச் சிவப்பு சேர்க்கவும், குறைந்தபட்சப் பச்சையை 15 நொடியாக்கவும், குறுக்குச் சாலைக்கான சிவப்பு டைமரின் கடைசி 5 நொடி எண்ணை மறைக்கவும் வேண்டுகிறோம்."

'இந்தத் திசைக்கு மட்டும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். நான்கு பக்கத்துக்கும் 2 நொடி சேர்த்தால் 120 நொடிச் சுற்றில் 8 நொடி போய்விடும், நூற்றுக்கு ஏழு பங்கு. நெரிசல் கூடும் என்ற மறுப்பு உடனே வரும், அதில் நியாயமும் உண்டு. தேவையான ஒரு திசைக்குக் கேட்டால் இழப்பு இரண்டே நொடி. மறுக்கக் காரணம் கிடைப்பது கடினம். டைமர் எண்ணை மறைக்கக் கேட்பதற்கு நேரச் செலவே இல்லை.

பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் மாற்றவில்லை' என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்டால் தட்டிக்கழிக்க இடமாகும். அந்தச் சந்திப்பின் நடப்பு நேரத் திட்டத்தின் நகல், அது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, எல்லாப் பக்கச் சிவப்பு எத்தனை நொடி என்ற பதிவு. ஆவணமாக இருக்கும் இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்.

மனுவுக்குத் துணையாகச் சொல்ல இரண்டு விஷயங்கள். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் முன்னுரிமை தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 138(1அ) பிரிவு, இயந்திரமில்லா வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்குமான விதிகளை மாநில அரசு வகுக்க இடம் தருகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில், அந்த விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் பணித்தது.

நேரம் மாற்றப்பட்டதாகப் பதில் வந்தால், அதை நம்பி அடுத்த நாளே நுழைந்துவிடாமல் மறுபடி ஸ்டாப்வாட்சோடு போய் ஐந்து சுற்று அளந்து பாருங்கள். ஒரு வாரத்தில் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும் சிக்னல்களும் உண்டு, ஆகவே பத்து நாள் கழித்து இன்னொரு முறை. 2 நொடி எல்லாப் பக்கச் சிவப்பு சேர்ந்திருந்தால் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு உங்கள் எண் 7லிருந்து 5 ஆகும். அடையாளக் கம்பத்தில் டைமரில் பார்க்க வேண்டியது 9 இல்லை, 7.